நூறு படங்களும் எங்கள் மூன்று கேள்விகளும்



படம் பார்ப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எமது ஊர்களில் இன்றும் உள்ளது. அதிலும் கணவனை இழந்த ஒரு பெண் படம் பார்த்துச் சிரித்தாள் என்றால், மறுநாள் கிணற்றடியில் அதுவே கதையாகிவிடும். இத்தகைய சூழலில், பாசிக்குடாவை அண்டிய ஒரு கிராமத்தின் மாதர் சங்கக் கட்டிடத்தில், பதினான்கு பெண்கள் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடி, பழைய அமெரிக்கப் படங்களை ஒரு பட்டியலின்படி பார்த்து வருகின்றோம். அந்த அனுபவத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"ஏன் அமெரிக்கப் படம்? அதுவும் அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தியது?" என்று பலர் கேட்கின்றார்கள். ஆரம்பத்தில் எமது யுத்தத்தைப் பற்றிய படங்களைப் பார்ப்போமா என்றுதான் நான் சங்கத்தில் கேட்டேன். கருவாடு போட்டுப் பிழைக்கும் வயதான அம்மா ஒருவர் உடனே மறுத்தார். "நம்மட கதைய இன்னும் பாக்க ஏலாது புள்ள. வேற ஆக்கள்ட கதையெண்டா பாக்கலாம்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நெருங்கிப் பார்க்க முடியாத ஒன்றைத் தூரத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பதை அந்த அம்மா ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். சமூகவியல் படித்த எனக்கு அதுவே வழிகாட்டியானது.

பட்டியல் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் என்பது 1967 இல் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு. அது 1998 இல், திரைத்துறையைச் சேர்ந்த 1,500 பேருக்கு மேற்பட்டவர்களிடம் 400 படங்களின் பெயர்களைக் கொடுத்து, மிகச்சிறந்த 100 அமெரிக்கப் படங்களைத் தெரிவு செய்யச் சொன்னது. முதலாம் இடம் ஓர்சன் வெல்ஸ் இயக்கிய 'சிற்றிசன் கேன்' (1941) படத்துக்குக் கிடைத்தது. 2007 இல் மீண்டும் வாக்கெடுத்தபோது சில படங்கள் வெளியே போயின, சில உள்ளே வந்தன. முதலிடம் மாறவில்லை.

நாங்கள் 1998 ஆம் ஆண்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டோம். ஆனால் ஒன்றிலிருந்து நூறு வரை வரிசையாகப் போகவில்லை. ஒவ்வொரு படத்தின் கதையையும் நான் சுருக்கமாகச் சொல்லுவேன். எதைப் பார்ப்பது என்பதைப் பெண்களே தீர்மானிப்பார்கள்.

மொழி ஒரு தடையாகவில்லை. வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் படத்தை ஓட்டுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி நான் தமிழில் சொல்லுவேன். ஹோட்டலில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும், நான் விட்டதை அவர்கள் சொல்லுவார்கள். எமக்கு இது புதிய முறையும் அல்ல. வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோவில்களில் வழக்குரை படிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டுக் கண்கலங்குவது மட்டக்களப்பில் பழைய பழக்கம்.

ஒவ்வொரு படத்தின் முடிவிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கலந்துரையாடுவோம். ஒன்று: இந்தக் கதையில் பெண் எங்கே நிற்கின்றாள்? இரண்டு: இந்தப் படத்தில் காட்டப்படாதவர் யார்? மூன்று: படம் முடிந்த மறுநாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கும்?

சிரிப்பில் தொடங்கினோம்

முதற் படமாக சார்லி சப்ளினின் 'மொடர்ன் டைம்ஸ்' (1936) படத்தைப் போட்டோம். பட்டியலில் இதற்கு 81 ஆம் இடம். பேச்சு மிகக் குறைவு என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை. தொழிலாளிக்குச் சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஓர் இயந்திரம் சோறூட்ட வருகின்றது. அது பழுதாகி அவன் முகத்தில் அடிக்கும்போது எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கழிப்பறையில் ஒரு நிமிடம் நின்று சிகரெட் பற்றவைத்தால், அங்கும் பெரிய திரையில் முதலாளி தோன்றி வேலைக்குப் போகச் சொல்கின்றான். அந்த இடத்தில் ஒரு தங்கை மாத்திரம் சிரிப்பை நிறுத்தினாள். தெற்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான்கு வருடம் தைத்தவள் அவள். "அக்கா, நாங்க தண்ணி குடிக்காம இருப்பம். குடிச்சா பாத்ரூம் போகோணும். போனா கணக்குப் பாப்பாங்க" என்றாள். 1936 இல் எடுத்த படம் அவளுடைய வாழ்க்கையைச் சொன்னது. அன்றிலிருந்து படம் பார்க்க யாரையும் வற்புறுத்தி அழைக்க வேண்டியிருக்கவில்லை.

எதை எடுத்து வந்தீர்கள்?

இரண்டாவதாகப் பார்த்தது 'த கிரேப்ஸ் ஒஃப் ராத்' (1940), 'சினத்தின் கனிகள்' என்று பொருள்படும். ஜோன் ஸ்ரைன்பெக் 1939 இல் எழுதிய நாவலை ஜோன் ஃபோர்ட் படமாக்கினார். 1930களில் அமெரிக்காவின் ஒக்லஹோமாப் பகுதியில் கடும் வரட்சியும் மண்புயலும் ஏற்பட்டன. குத்தகைக்குப் பயிர் செய்த குடும்பங்களை நில உடைமைக் கம்பனிகள் வெளியேற்றின. ஒருவருக்கொருவர் குண்டு போடவில்லை, ஆனாலும் இடப்பெயர்வு இடப்பெயர்வுதான். ஜோட் குடும்பம் ஒரு பழைய லொறியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்படுகின்றது. வழியில் தாத்தா இறக்கின்றார். அவரைத் தெருவோரத்தில் புதைத்து, இவர் நோயால் இறந்தவர், யாரும் கொல்லவில்லை என்று ஒரு துண்டில் எழுதிக் கூடவே வைக்கின்றார்கள்.

2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் எமது குழுவில் இருக்கின்றார்கள். அந்தக் காட்சியில் படத்தை நிறுத்தினேன். நான் கேட்காமலே இருவர் தாங்கள் வழியில் விட்டுவந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள்.

ஆனால் அவர்களை இன்னும் கூடுதலாகத் தொட்டது வேறொரு காட்சி. புறப்படுவதற்கு முன், விடியாத நேரத்தில், தாய் ஒரு சிறு பெட்டியைத் திறக்கின்றாள். பழைய கடிதங்கள், பத்திரிகைத் துண்டு, சின்னப் பொம்மை எல்லாம் இருக்கின்றன. சிலவற்றை அடுப்பில் போடுகின்றாள். ஒரு சோடித் தோட்டை எடுத்துக் காதருகே வைத்து, மங்கிய வெளிச்சத்தில் தன் நிழலைப் பார்க்கின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தாயாக நடித்த ஜேன் டார்வெல், சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார்.

அன்று நாங்கள் பேசியது இதைப் பற்றித்தான்: ஓடும்போது நீங்கள் எதை எடுத்து வந்தீர்கள்? ஒருவர் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்றார். ஒருவர் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றித் தூக்கி வந்தாராம். ஒருவர் அடுப்பில் அரைவேக்காடாக இருந்த சோற்றுப் பானையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி, அதை மூன்று குடும்பங்களுக்குப் பகிர்ந்தாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. எதை இழந்தீர்கள் என்று கேட்ட படிவங்களை யுத்தத்துக்கும் சுனாமிக்கும் எத்தனையோ தடவை இவர்கள் நிரப்பியிருக்கின்றார்கள். எதைக் காப்பாற்றினீர்கள் என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்கள்

'த பெஸ்ட் இயர்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ்' (1946), பட்டியலில் 37 ஆம் இடம். 'எமது வாழ்வின் சிறந்த ஆண்டுகள்' என்று தமிழில் சொல்லலாம். வில்லியம் வைலர் இயக்கியது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் மூவரின் கதை. அவர்களில் ஒருவனுக்கு இரு கைகளும் இல்லை. கைகளுக்குப் பதிலாக இரும்புக் கொளுக்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஹரல்ட் ரசல் தொழில்முறை நடிகர் அல்ல. 1944 இல் இராணுவப் பயிற்சியின்போது வெடிமருந்து வெடித்து உண்மையாகவே இரு கைகளையும் இழந்தவர். இந்த ஒரே பாத்திரத்துக்காக அவருக்கு இரண்டு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. பிற்காலத்தில், 1992 இல், மனைவியின் மருத்துவச் செலவுக்காக அவற்றில் ஒன்றை 60,500 டொலருக்கு ஏலத்தில் விற்றார். விருதைவிட மனைவி முக்கியம் என்று நினைத்த மனிதர் என்று எங்கள் பெண்கள் அவரை மெச்சினார்கள்.

படத்தில் அவன், தன்னை விரும்பும் பெண்ணை ஒருநாள் இரவு தன் அறைக்கு அழைத்துச் செல்கின்றான். கொளுக்கிகளைக் கழற்றிவிட்டு, இனித் தன்னால் ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது என்று காட்டுகின்றான். இதைப் பார்த்தபின் உனக்குச் சம்மதமா என்று கேட்பதுபோல் இருக்கின்றது. அவள் பயப்படவில்லை. அவனுடைய சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுகின்றாள்.

எங்கள் அறை மிகவும் அமைதியாக இருந்தது. மிதிவெடியில் ஒரு காலை இழந்தவரின் மனைவி மெதுவாகச் சொன்னார்: "அவர் பொய்க்கால் கழட்டக்குள்ள என்ன வெளியால போகச் சொல்லுவார். பதினெட்டு வருசம். நான் அந்த இடத்த ஒழுங்காப் பாத்ததே இல்ல."

யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மச்சாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அவரே என்னிடம் வந்து, படத்தின் கதையைக் கணவனுக்குச் சொன்னதாகவும், அவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. பதினெட்டு வருடத்துக்குப் பின் ஒரு வீட்டில் அந்தப் பேச்சு தொடங்கியிருக்கின்றது, அது போதும்.

இந்தப் படத்தை எல்லோரும் முழுமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணவேண்டாம். திரும்பி வந்தவர்களில் ஒருவர் அளவுமீறிக் குடிக்கின்றார். அந்த இரவை நகைச்சுவையாக எடுத்திருக்கின்றார்கள். எங்கள் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொருவனின் மனைவி, அவன் யுத்தத்தில் இருந்தபோது இரவு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தவள். படம் அவளை நல்லவளாகக் காட்டவில்லை. "அவன் போன பிறகு அவ சும்மா குந்திக்கிட்டு இருக்கோணுமா? வாடகை ஆர் குடுக்கிற?" என்று ஒருவர் கேட்டார். கணவன் இல்லாத காலத்தில் உழைக்கப் போன பெண்ணின் ஒழுக்கத்தை ஊர் அளப்பது எமக்குப் புதியதல்ல. அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று அறிந்தபோது பலருக்கும் ஓர் ஆறுதல். "அப்ப, பிழை நம்மளில இல்ல" என்றார் அந்த அம்மா.

படத்தில் இல்லாதவர்கள்

இரண்டாவது கேள்வி எங்களை அதிக தூரம் கொண்டு சென்றது. 'கோன் வித் த விண்ட்' (1939) பட்டியலில் நான்காம் இடம். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் அனைத்தையும் இழந்த ஸ்கார்லெட், யன்னல் திரைச்சீலையைக் கிழித்துச் சட்டை தைத்து, தலைநிமிர்ந்து நடக்கின்றாள். அதை எல்லோரும் ரசித்தார்கள். ஆனால் அவளுடைய வீட்டில் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களின் துயரம் படத்தில் இல்லை. அவர்கள் எஜமானர்களிடம் சந்தோசமாக இருந்ததுபோலவே காட்டப்படுகின்றார்கள். பணிப்பெண்ணாக நடித்த ஹற்றி மக்டானியல், ஒஸ்கார் விருது பெற்ற முதலாவது கறுப்பினத்தவர். 1940 இல் அந்த விருது விழாவில் அவரைச் சக நடிகர்களுடன் இருத்தவில்லை, தனி மேசையில்தான் இருத்தினார்கள். வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்து வந்த இரு சகோதரிகள் எமது குழுவில் உள்ளனர். அவர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அடுத்தது 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957). பட்டியலில் 13 ஆம் இடம், ஏழு ஒஸ்கார் விருதுகள். டேவிட் லீன் இதை எமது நாட்டிலேயே, கித்துள்கலையில் களனி கங்கைக்கு மேல் மரப்பாலம் கட்டிப் படமாக்கினார். "நம்மட நாடு" என்று பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள். யப்பானிய இராணுவம் 1942-43 இல் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான ரயில் பாதையை அமைத்தபோது, பிரித்தானியக் கைதிகள் பட்ட துன்பத்தைப் படம் சொல்கின்றது.

படம் சொல்லாதது ஒன்றுண்டு. அந்தப் பாதையில் 60,000 இற்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் வேலை செய்தார்கள், 12,000 இற்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதைவிடப் பல மடங்கு. இரண்டு இலட்சம் பேரளவில் கொண்டு செல்லப்பட்டதாகவும், ஏறக்குறைய 90,000 பேர் கொலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் அடியாலும் இறந்ததாகவும் மதிப்பிடப்படுகின்றது. அவர்களில் மிகப் பலர் மலாயாவின் இறப்பர் தோட்டங்களில் இருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள். எமது மலையகத்துக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வந்த அதே தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குப் போனவர்கள். மலேசியத் தமிழர்கள் அதை 'சயாம் மரண ரயில்' என்று இன்றும் சொல்கின்றார்கள். தமிழரின் மண்ணும் உள்ள ஒரு நாட்டில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் கதையில் அந்தத் தமிழருக்கு இடமில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது, 1990 இல் கணவனைக் கூட்டிச் சென்றபின் இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்காத தாய் ஒருவர் கேட்டார்: "அந்தத் தோட்டத்துப் பொம்பிளையளுக்கு ஆராவது ஒரு கடுதாசி குடுத்தாங்களா, உன்ட புருசன் செத்துட்டான் எண்டு?"

கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் கொண்ட மயானம் உண்டு, பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன என்றேன். தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் எழுதிய ஒரு கல்லும் இல்லை என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கணவனின் சிறிய படம் ஒன்றைக் கொண்டுவந்து, அவரின் முழுப்பெயரையும், என்ன தொழில் செய்தார், எந்த நிறச் சாரத்தோடு போனார் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். ஆணைக்குழுக்களின் முன் அவர் இதைச் சொல்லியிருக்கின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் முன் சொன்னது இதுவே முதற்தடவை. அன்று தொடங்கி எமது சங்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். விரும்பியவர்கள் தமது வீட்டில் இல்லாமற்போனவரின் பெயரையும் அவரைப் பற்றிய ஒரு விடயத்தையும் எழுதுகின்றார்கள். காணாமற்போனோர் அலுவலகம் 2018 இல் செயற்படத் தொடங்கியது. அங்கு கொடுக்கும் விண்ணப்பம் வேறு, இந்தக் கொப்பி வேறு. இது எமக்காக நாமே எழுதுவது.

பட்டியல்கள் மாறும்

1998 ஆம் ஆண்டின் நூறு படங்களில் ஒன்றையேனும் ஒரு பெண் இயக்கவில்லை. 2007 ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இல்லை. எமது நாட்டில் சுமித்ரா பீரிஸ் 1978 இலேயே 'கெஹெனு லமாய்' என்ற படத்தை இயக்கினார். சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, கத்ரின் பிகலோவுக்கு, 2010 இல்தான் கிடைத்தது.

ஆனால் பட்டியல்கள் கல்லில் எழுதியவை அல்ல. பிரித்தானியாவின் 'சைற் அன்ட் சவுண்ட்' என்ற சஞ்சிகை 1952 தொடக்கம் பத்து வருடத்துக்கு ஒருமுறை உலகின் சிறந்த படங்களைத் தெரிவு செய்து வருகின்றது. 2022 இல் வாக்களிப்போரின் தொகையைக் கூட்டி, 1,600 இற்கு மேற்பட்டோரைக் கேட்டபோது, பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷன்ரால் அக்கர்மன் என்ற பெண் 1975 இல் இயக்கிய படம் முதலிடத்துக்கு வந்தது. கணவனை இழந்த ஒரு தாய் உருளைக்கிழங்கு சீவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காட்டும் படம் அது. யாரைக் கேட்கின்றோம் என்பது மாறினால் எது சிறந்தது என்பதும் மாறுகின்றது. பெண்களின் அன்றாட வேலையும் ஒரு கதைதான் என்று உலகம் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்திருக்கின்றது.

நீங்களும் செய்யலாம்

உங்கள் ஊரிலும் இதைச் செய்ய விரும்பினால், எமது அனுபவத்தில் கண்ட சில விடயங்கள்:

• எட்டு முதல் பதினைந்து பேர் போதும். கூட்டம் கூடினால் யாரும் மனம் திறக்கமாட்டார்கள்.

• படத்தை முன்கூட்டியே ஒருவர் முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும். குண்டுச் சத்தம், பெண்களுக்கு எதிரான வன்முறை உள்ள இடங்களைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் சத்தத்தைக் குறையுங்கள் அல்லது தாண்டுங்கள்.

• எழுந்து வெளியே போக எவருக்கும் உரிமை உண்டு. ஏன் போனாய் என்று கேட்கக் கூடாது. கூடப்போய் அருகில் இருக்க ஒருவரை முன்பே ஒழுங்கு செய்யுங்கள்.

• அறையில் பேசியதை வெளியே கொண்டு போவதில்லை என்று எல்லோரும் உடன்பட வேண்டும்.

• ஒருவருக்குப் பல நாட்களாக நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, வாழ விருப்பமில்லை என்று கண்டால், படமும் பேச்சும் போதாது. அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

• படம் முடிந்ததும் தேத்தண்ணி கட்டாயம். கவலையோடு யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

எமது அடுத்த படம் 'ருவெல்வ் அங்ரி மென்' (1957). 1998 இல் விடுபட்டு 2007 இல் பட்டியலுக்குள் வந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் உயிரைத் தீர்மானிக்கப் பன்னிரண்டு யூரிமார் ஓர் அறைக்குள் இருந்து விவாதிக்கும் கதை. பன்னிரண்டு பேரும் ஆண்கள். எமது முதலாவது கேள்விக்கு அன்று நல்ல வேலை இருக்கும். நீங்கள் பார்த்த படங்களில், இது எங்களுடைய கதை என்று நினைத்தது எது என்பதை இதழுக்கு எழுதி அனுப்புங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத படமாக இருந்தாலும் பரவாயில்லை.